இன்னொரு தடவ படிங்க கிராணி

பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் ‘தாயின் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பிள்ளையைப் பெற்றவளின் பெயரை எழுத வேண்டும். இதுதான் விதி. அரசாங்க விதிகளில் விளக்கவுரை தேவைப்படாதவை மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்து பெரிய கிராணியாக ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தை ஒரே ஒரு முறைதான் தப்பாக நிரப்பியிருக்கிறேன், தெரிந்தே. யாருக்காக அப்படிச் செய்தேனோ அந்த அக்கா போன வருஷம் காலமானார். அவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. கடிதம், ரசீது, சான்றிதழ், நோட்டீஸ் எல்லாமே அவருக்கு ‘சூராட்’தான். வேலை முடிந்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு சூராட்டை நீட்டுவார். நான் படித்துத் தமிழில் சொல்வேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். முடிந்ததும், “இன்னொரு தடவ படிங்க கிராணி” என்பார்.

காது மந்தமோ என்று ஆரம்பத்தில் நினைத்தேன். குரலை உயர்த்திப் படித்தேன். “எதுக்குக் கத்துறீங்க? நான் என்ன செவிடா?” என்றார். வந்த புதிதில் எனக்கு ஆங்கிலமும் மலாயும் தெரியும் என்ற மிதப்பு இருந்தது. அது இறங்கிய பிறகுதான் அவர் செய்வது புரிந்தது. முதல் தடவை, தாளில் என்ன இருக்கிறது என்று கேட்பார். இரண்டாவது தடவை, என்ன இல்லை என்று கேட்பார்.

ஒரு முறை தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் கூரைகளைப் பற்றித் தோட்டத்து மேனேஜர் துரை ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். லயத்து வீடுகளுக்கெல்லாம் அப்போது ஆஸ்பெஸ்டாஸ் தகடுதான். உடைந்த தகடுகளுக்குப் பதிலாகத் தோட்டமே ஜிங்க் தகடு போட்டுத் தரும் என்பது நோட்டீஸ். வழக்கம் போல இரண்டு முறை படித்தேன்.

“ஒடஞ்சதுக்குத்தான் ஜிங்கா?”

“ஆமாக்கா.”

“ஒடையாததுக்கு?”

“ஒண்ணும் போடல.”

“நாமளே ஒடைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?”

“அதுவும் போடல.”

“சரிலா,” என்று போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே லயத்தில் எட்டு வீட்டுக் கூரை உடைந்தது. திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு, எப்படி என்று கேட்டார். காற்று என்றேன். எட்டு வீட்டுக்கு மட்டும் அடித்த காற்றா என்றார். மலைக்காற்று அப்படித்தான், பார்த்துப் பார்த்து அடிக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஜிங்க் வந்தது. உடைத்த தகட்டுத் துண்டுகளைப் பெண்கள் சுத்தியலால் இன்னும் பொடியாக்கி, வாசலில் சேறு ஆகாமல் இருக்கப் பாதையில் கொட்டினார்கள். பிள்ளைகள் அதன்மேல் கோலி விளையாடினார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று எல்லோருக்கும் நிறைவு. எனக்கும்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் அவருக்குப் புதிதல்ல. அவருடைய அப்பா தொழிற்சாலையில் டிரையர் ரூமில் வேலை பார்த்தவர். தேயிலையை உலர்த்தும் அந்த எந்திரத்துக்குப் போகும் சூட்டுக் குழாய்களின்மேல் ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கையால் பூச வேண்டும். பழைய பூச்சு காய்ந்து வெடித்தால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதை எல்லோரும் ‘பஞ்சு’ என்றார்கள். அப்பா கொத்துவார், அக்காவும் அவருடைய மூத்த சகோதரியும் கூட்டி அள்ளுவார்கள், குழைத்துக் கொடுப்பார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது இருவர் தலையும் புருவமும் வெளுத்திருக்கும். “கேமரன்ல இவ்ளோ குளிரு, ஆனா பனி மட்டும் விழமாட்டேங்குதுன்னு வெள்ளக்காரன் வருத்தப்படுறான். எங்க ரூமுக்கு வரச் சொல்லுங்க கிராணி,” என்பார் மூத்தவர்.

பிற்பாடு அதற்கும் ஒரு விதி வந்தது. இந்தத் தூளில் வேலை செய்கிறவர்களை முதலாளி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும். தோட்டத்தில் அப்படி எத்தனை பேர் என்று ஒரு படிவம் வந்தது. வேலையாட்களின் பதிவேடான செக்ரோலைப் புரட்டினேன். அப்பா பெயருக்கு நேரே ‘பொது வேலை’, சகோதரிகள் பெயருக்கு நேரே ‘கூட்டுபவர்’. பஞ்சு வேலை என்று எந்தப் பெயருக்கும் நேரே இல்லை. ஆகவே ‘யாரும் இல்லை’ என்று எழுதி, தேதியிட்டு அனுப்பினேன். செக்ரோல்படி அது நூற்றுக்கு நூறு சரியான பதில். அதை அவரிடம் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இரண்டாவது தடவை படிக்கும்போது மாட்டியிருப்பேன்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்தது பிறப்புப் பதிவு. அக்கா பிறந்த சமயம் அன்றைய கிராணி நீண்ட விடுப்பில் இருந்தாராம், யாரும் பதியவில்லை. அதனால் அவருக்கு அப்போது எந்த அட்டையும் கிடையாது. மூத்தவர் பிறந்தபோது கிராணி விடுப்பில் இல்லை. அவருக்குக் குடிமக்களின் அடையாள அட்டையான நீல நிற ஐசி. அக்காவுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அம்மன் சாட்சி, அரசாங்கம் சாட்சியில்லை. பெண் குழந்தை பிறந்தது. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான்; உள்ளபடி பதிந்தால் தாயைப் போலவே பிள்ளையும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போகும். மூத்தவர் முறைப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தவர், பிள்ளை இல்லாதவர்.

சகோதரிகள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். குழந்தை மூத்தவர் கையில் இருந்தது.

“யார் கையில இருக்கோ அவங்க பேரப் போடுங்க கிராணி,” என்றார் அக்கா.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. சட்டம் முழுவதும் தெரியும். போட்டேன். தாளின்படி அன்று முதல் அக்கா தன் மகளுக்குச் சின்னம்மா. சாந்தி, சமாதானம். மகள் வளர்ந்து அடம் பிடிக்கும்போதெல்லாம், “என்கிட்ட ஏன் கேக்குற? போய் ஒன் அம்மாகிட்ட கேளு. சூராட்லயே போட்டிருக்கு,” என்று மூத்தவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். மகளும் போவாள். மூத்தவர் கேட்டதைக் கொடுத்துவிடுவார். இந்த ஏற்பாட்டில் நஷ்டப்பட்டது யாருமில்லை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா முதலில் போனார். மார்பில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல், லயத்து வீட்டிலேயே. ஐம்பத்தொரு வயது. வீட்டில் நடந்த சாவுக்குப் போலீஸ்காரர் வந்து காரணம் எழுதினார்: முதுமை. அக்கா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அப்ப துரையோட அப்பாவுக்கு எம்பது வயசாச்சே, அவருக்கு என்னா எழுதுவாங்க?” என்றார். சில வருஷம் கழித்து மூத்தவருக்கும் அதே தண்ணீர். அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் அங்கே நோயின் பெயரை எழுதினார்கள்: மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வருகிற புற்று. அந்தத் தாளை அக்கா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டார். பிறகு அவர்களுடைய தம்பி. அவருக்கு ஒரு கண்ணில் கட்டி. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

லயத்தில் பேச ஆரம்பித்தார்கள். தெய்வக் குத்தம் என்றார்கள். பெற்றவள் இருக்க இன்னொருத்தி பெயரை எழுதியதால் வந்த சாபம் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அப்படிப் பார்த்தால் முதலில் நான்தான் போயிருக்க வேண்டும். அக்கா இதற்கெல்லாம் சண்டைக்குப் போகவில்லை. அவருக்கு வேறு கேள்வி இருந்தது. “அந்த ரூம்ல எத்தன பேரு வேல செஞ்சாங்க கிராணி? எல்லாரும்தான் பஞ்சத் தின்னோம். எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்?”

எந்த விதியிலும் அதற்குப் பதில் இல்லை.

கோவிட் வருவதற்கு முந்தின வருஷம் அவருக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியது. அதற்குள் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி கிடைத்திருந்தது. வயது அறுபத்தாறு. ஈப்போவில் பார்த்துவிட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் ஓட்டினாள். அவள் கேமரனிலேயே கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கிற கடை வைத்திருப்பவள். இரண்டு பிள்ளைகளின் தாய். நாற்பது வயதாகியும் என்னைப் பார்த்தால் “என்னா அங்கிள், இன்னும் ரூல்ஸ் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?” என்று கேட்பாள்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். மார்புப் படத்தைப் பார்த்தார், ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தீர்களா என்று கேட்டார், எழுதிக்கொண்டார். எழுந்திருக்க வேண்டிய நேரம். அக்கா எழுந்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, என் தம்பி தொழிற்சால பக்கமே போகாதவன். மலையில மருந்தடிச்சவன். பஞ்சத் தொட்டதே இல்ல. அவனுக்குக் கண்ணுல ஏன் வந்துச்சு?”

டாக்டரின் பேனா நின்றது. “கண்ணிலயா? கண்ணுக்குள்ளயா, வெளியவா?”

“உள்ள. கண்ணையே எடுத்துட்டாங்க.”

டாக்டர் புதிய தாள் ஒன்றை எடுத்து வட்டமும் சதுரமுமாக வரைய ஆரம்பித்தார். அப்பா, மூத்தவர், தம்பி, அக்கா. ஒவ்வொருவராகக் கேட்டுக் கோடு போட்டார். மகள் இடம் வந்தது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “பெத்தது நான். சூராட்ல எங்க அக்கா பேரு இருக்கும். எழுதுனது இதோ ஒக்காந்திருக்காரே, இவரு.”

மகளுடைய குடியுரிமை, கடை லைசென்ஸ், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. என்னுடைய ஓய்வூதியமும் வந்தது என்பதை மறைப்பானேன்.

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். “நான் டாக்டர்மா. ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ் இல்ல,” என்று சொல்லி, அக்காவின் வட்டத்திலிருந்து மகளுக்குக் கோடு இழுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பரம்பரையாக வருகிற மரபணுக் கோளாறு ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. புற்று வளராமல் தடுக்க எல்லோருக்கும் ஒரு மரபணு இரண்டு பிரதியாக இருக்கும். இவர்களுக்குப் பிறக்கும்போதே ஒன்று கெட்டது, ஒன்றுதான் நல்லது. அந்த நல்லதும் ஏதாவது ஓர் உயிரணுவில் கெட்டுப்போனால் அங்கே தடுக்க ஆளில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூளும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. கோளாறு, பஞ்சு போகாத இடத்திலும் கண்ணில், தோலில், சிறுநீரகத்தில் வேலையைக் காட்டலாம்.

டாக்டர் சொன்னதை நான் என் பங்குக்கு விளக்க வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தினார்.

“தண்டு பொறுக்குற வேல தெரியுமா டாக்டரம்மா? தேயிலத் தூளு வரும்போது ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க ஒக்காந்து தண்டப் பொறுக்கிப் போடணும். ஒருத்தி விட்டா இன்னொருத்தி எடுத்துருவா. எங்க வீட்டுல ஒருத்திதான் ஒக்காந்திருக்கா. அவளும் கண்ணசந்தா தண்டு உள்ள போயிரும். அதானே?”

“அதேதான்,” என்றார் டாக்டர். இத்தனை வருஷம் படித்து இதை இப்படிச் சொல்ல வரவில்லையே என்று அவர் முகத்தில் தெரிந்தது.

“அப்ப சாபம் இல்ல.”

“இல்லம்மா.”

அக்கா அங்கே அழுதார். நோய் தெரிந்தபோது அழாதவர். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தகட்டை உடைக்கச் சொன்னதே தான்தான், அந்த எட்டு வீட்டுக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் ஒரு முறை மார்பைப் படமெடுத்துப் பார்ப்பது நல்லது என்றார் டாக்டர். ஊர் திரும்பிய வாரமே அக்கா வீடு வீடாகப் போனார். என்னைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வைத்தார். அந்தப் பழைய ‘யாரும் இல்லை’ படிவத்துக்கு நான் எழுதிய திருத்தம் என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கோளாறோடு வருகிற இந்தப் புற்று பல பேருக்கு மற்றவர்களைவிட மெதுவாகத்தான் போகிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் நம்பிக்கை வைக்கலாம் என்றார். நான் அதை வாய்ப்பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அக்கா ஐந்து தீபாவளிக்கு எனக்கு முறுக்கு அனுப்பினார். அதில் மூன்று வருஷத்து முறுக்கு நன்றாகவே இருந்தது.

மிச்சம் மகள். தாயிடமிருந்து அந்தக் கெட்ட பிரதி அவளுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. வந்திருந்தால் அவளுடைய பிள்ளைகளுக்கும் அதே பாதி. தெரிந்தால் வருஷா வருஷம் கண்ணும் தோலும் மார்பும் பார்த்து, முளையிலேயே பிடிக்கலாம். மகள் முதலில் மாட்டேன் என்றாள்.

“தெரிஞ்சு என்னாம்மா செய்யப் போறேன்? தெனமும் பயந்துக்கிட்டே சோளம் அவிக்கவா?”

“இப்ப மட்டும் என்னா? நான் இருமுறப்பல்லாம் ஒன் நெஞ்சத் தொட்டுப் பாக்குறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

மகள் மறுவாரம் ரத்தம் கொடுத்தாள்.

அங்கேதான் என்னுடைய கட்டம் குறுக்கே வந்தது. பரிசோதனைக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள, கோளாறு உள்ளவரின் பிள்ளை என்பதற்குப் பிறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். இணைத்தோம். அலுவலகத்திலிருந்து தாள் திரும்பி வந்தது: விண்ணப்பதாரர் பிள்ளை அல்ல, சகோதரியின் மகள், உறவு நிறுவப்படவில்லை, ரத்த மாதிரி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தவறில்லாத பதில். நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

உண்மையைச் சொல்லிச் சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்றேன். இரவெல்லாம் யோசித்து எடுத்த முடிவு. கொஞ்சம் வீரமாகவே சொன்னேன்.

“எழுதிட்டு நீங்க லாக்கப்புல ஒக்காருங்க. என் மக ஐசி போயி ரோட்டுல ஒக்காரட்டும். நல்ல ரோசன,” என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. “அந்த சூராட்ட மொதல்ல படிங்க.”

படித்தேன். அதோடு வந்திருந்த விதித்தாளையும் படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன்.

“பிள்ள, கூடப் பொறந்தவங்க. அதுக்குக் கீழ என்னமோ சொன்னீங்களே.”

அடிக்குறிப்பு. கூடப் பிறந்தவர் இதே நோயால் இறந்து, அவரைச் சோதிக்க வழியில்லாமல் போயிருந்தால், அவருடைய பிள்ளைகளையும் எடுத்துக்கொள்ளலாம். இறந்தவருக்கு அந்த நோய் இருந்ததற்கு ஆஸ்பத்திரித் தாள் வேண்டும்.

“எங்க அக்கா எதுல செத்தா?”

மகள் எழுந்து உள்ளே போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். ஈப்போ தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. நோயின் பெயர் கிழியவில்லை. பொய்யான சான்றிதழில் இருந்த தாய்க்கு உண்மையான நோய். தாளின்படியும் மகளுக்குத் தகுதி உண்டு. ரத்தத்தின்படியும் உண்டு. விதி அறிந்தவன் என்று முப்பத்தாறு வருஷம் பெயர் வாங்கியவன் அந்த அடிக்குறிப்பை இரண்டு முறை வாசித்தும் பார்க்கவில்லை.

மேல்முறையீட்டை நான் எழுதினேன். டாக்டர் தன் பங்குக்கு ஒரு கடிதம் வைத்தார்; முடிவைத் தெரிந்துகொள்வதற்கு முன் பேச வேண்டியதையெல்லாம் மகளிடம் பேசி, கடிதமாக அனுப்பவும் சம்மதம் வாங்கிக்கொண்டார். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசில் தூங்கும் என்பது எனக்குத் தெரியும், தூங்க வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆகையால் பிரிஞ்சாங்கில் இருந்த என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தோம். அக்டோபர் போனது. தைப்பூசம் வந்தது, போனது. நான் தபால்காரரின் மோட்டார் சத்தத்தை எண்ணக் கற்றுக்கொண்டேன்.

வந்தது. மகள் பெயருக்கு, ஒட்டிய கவர். பிரிக்கும் உரிமை எனக்கில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு கியா பார்முக்கு ஏறினேன். ஏதோ புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று சுற்றுலாக் கூட்டம் குறைந்திருந்தது. அக்கா கடைக்குள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

மகள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கவரை வாங்கினாள். தானே பிரித்தாள், தானே படித்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. அக்கா காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் பழமும் காம்பும் ஒரே தட்டில் விழுந்துகொண்டிருந்தன.

“இல்லம்மா.”

“என்னா இல்ல?”

“எனக்கு இல்ல. வரல. நல்லதுதான் வந்திருக்கு.”

“பேரப் பிள்ளைங்களுக்கு?”

“என்கிட்ட இல்லாதத நான் எப்படிம்மா அதுங்களுக்குக் குடுப்பேன்?” என்று சொல்லும்போதே மகள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மலாய்க் குடும்பம் வந்து சோளம் கேட்டது. ஐந்து பேர். அக்கா கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். பானையைத் திறந்து ஆளுக்கு ஒன்றாக ஐந்து சோளத்தை எடுத்து, இலையில் சுற்றிக் கொடுத்து, காசு வேண்டாம், போங்கள் என்று கையைக் காட்டினார். அவர்கள் புரியாமல் நின்றார்கள். சின்னப் பெண்ணுக்கு ஒரு பிடி ஸ்ட்ராபெரியும் கொடுத்தார், பாதி காம்போடு.

“யம்மா, என்னா செய்றீங்க?”

“சும்மா இருடி. இன்னிக்கு ஒரு நாளு கடை என்னுது.”

ஆபீஸ் விதிப்படி, கடிதங்கள் வந்தால் வந்த தேதியை மூலையில் குறிக்க வேண்டும். மகளிடம் பேனா வாங்கி, கவரை மடியில் வைத்து எழுதினேன்: மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை.